கணக்கில் வராத காற்று

கொக்குவில் ரயில் கடவையில் கேற் மூடியிருந்தபோதுதான் முதலில் கவனித்தேன். ஏசி ஓடுகிறது, கியர் டி-யில், கால் பிரேக்கில். கார் இலேசாக நடுங்கியது. பெரிய நடுக்கம் என்று சொல்ல முடியாது. காய்ச்சல் வருவதற்கு முன் முதுகில் ஒரு சிலிர்ப்பு ஓடுமே, அந்த அளவு. ஸ்டியரிங்கில் இருந்த விரல்களுக்குத் தெரிந்தது. பக்கத்தில் இருந்த மனைவியிடம் சொன்னேன். "ரெயின் வருதெல்லோ, அதுதான் நிலம் அதிருது" என்றார். ரயில் போனது, கேற் திறந்தது, கார் ஓடத் தொடங்கியதும் நடுக்கமும் போனது. அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். இரண்டு கிழமை கழித்து, தண்டவாளமே இல்லாத நல்லூர்ப் பக்கத்து வீதியொன்றில் அதே நடுக்கம். அடுத்த நாள் காலையில் மீற்றருக்குள் மஞ்சள் நிறத்தில் அந்தச் சின்ன எஞ்சின் படம் எரிந்தது.

கார் 2008ஆம் ஆண்டு டொயோட்டா அக்சியோ. 2020இல் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து எங்கள் ஊரில் யாரும் காரை விற்றுவிட்டு வேறொன்று வாங்கலாம் என்று யோசிப்பதில்லை. 2025இல் மறுபடி திறந்துவிட்டார்கள்தான், ஆனால் விலையைக் கேட்டால் இருக்கிற காரைத் துடைத்து முத்தம் கொடுக்கத்தான் மனம் வரும். ஆகவே திருத்தினேன். மூன்று மாதம் திருத்தினேன். பில்டர், பிளக், சென்சர், மறுபடி ஒரு சென்சர் என்று அறுபதாயிரம் ரூபாய்க்குக் கிட்டப் போனது. கடைசியில் பிழை இருந்தது சுண்டு விரல் நீளமுள்ள ஒரு றபர் குழாயில்.

காசு போனதைச் சொல்லி அழுவதற்காக இதை எழுதவில்லை. எஞ்சின் எங்கே வாய் வைத்து மூச்சு விடுகிறது என்பதைப் பத்துப் பதினொரு வயதிலேயே உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தவன் நான். அப்படிப்பட்டவனுக்கே மூன்று மாதம் காற்றைப் பற்றி ஒரு யோசனை வரவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

உள்ளங்கையில் ஒரு வட்டம்

1990இல் சண்டை மறுபடி தொடங்கி, யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்ற பிறகு நாங்கள் எதில் எப்படி வாகனம் ஓடினோம் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பெரியப்பாவிடம் ஒரு ஓஸ்ரின் ஏ40 சோமர்செட் இருந்தது. மற்ற எல்லாரையும் போல அவரும் மண்ணெண்ணெயில்தான் ஓடினார். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. சூடு ஏறிவிட்டால் ஓரளவு ஓடும். அந்தச் சூடு வரும்வரைக்குத்தான் பெற்றோல். அது மருந்துக் குப்பி ஒன்றில், மூடியில் ஊசியால் குத்திய துவாரத்தோடு, வீட்டுக்குள் சாமி அறைக்குப் பக்கத்தில் இருக்கும். தங்கத்துக்கு இருந்த மரியாதை அதற்கும் இருந்தது.

காற்றையும் எரிபொருளையும் கலக்கும் காபரேற்றருக்கு மேலே இருக்க வேண்டிய எயார் கிளீனரைக் கழற்றிச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டார் பெரியப்பா. ஒவ்வொரு தடவையும் கழற்றிப் பூட்ட யாருக்குப் பொறுமை? வாய் திறந்தபடி இருக்கும். அவர் நாலைந்து சொட்டு விடுவார். பிறகு முன்னால் போய்க் கம்பி போட்டு எஞ்சினைச் சுற்றுவார். என் வேலை, அந்த வாயை உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பது. காற்றைக் குறைத்தால் உள்ளே எரிபொருளின் பங்கு கூடும், குளிர்ந்த எஞ்சின் பற்றும்; ஆனால் எனக்கு அப்போது அந்த விளக்கமெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது கையை அது உறிஞ்சும் என்பதுதான். அவர் ஒரு சுற்றுச் சுற்றும்போது உள்ளங்கைத் தோல் உள்ளே இழுபடும், விடும், இழுபடும், விடும். கன்றுக்குட்டி விரலைச் சூப்புவது போல. எஞ்சின் பற்றியதும் "எடு, எடு!" என்று கத்துவார். கையை எடுத்தால் நடுவில் சிவப்பாக ஒரு வட்டம் பதிந்திருக்கும். பள்ளிக்கூடம் போய் அதைக் காட்டிப் பெருமை பேசியிருக்கிறேன். ஒரு நாள் அது திருப்பி அடித்து, காபரேற்றரிலிருந்து நெருப்பு துப்பி, என் புருவம் ஒரு பக்கம் பொசுங்கியது. அதன் பிறகு அம்மா பெரியப்பாவோடு ஒரு மாதம் பேசவில்லை.

ஆணியில் தொங்கிய எயார் கிளீனருக்கும் ஒரு விலை இருந்தது. புன்னாலைக்கட்டுவன், கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண் புழுதி எங்கெல்லாம் போய் ஒட்டும் என்பது வெள்ளைச் சட்டை போட்டு அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். வடிகட்டி இல்லாத வாயால் அது நேரே சிலிண்டருக்குள் போகும். எண்ணெயோடு சேர்ந்தால் அரைக்கும் பசைதான். பிஸ்ரன் றிங்கையும் சிலிண்டர் சுவரையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துவிடும். அந்த ஏ40 பிறகு பெற்றோலைவிட எஞ்சின் ஒயிலைத்தான் அதிகம் கேட்டது. உழவு இயந்திரம் வைத்திருந்தவர்கள் இந்த விஷயத்தில் தப்பினார்கள் என்று சொல்ல வேண்டும். பழைய மசி பேர்கசன் 135இல் காற்று ஒரு ஒயில் கிண்ணத்துக்குள் புரண்டுதான் உள்ளே போகும், புழுதி ஒயிலில் ஒட்டிக்கொள்ளும். கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் களிபோலச் சேறு இருக்கும். வயலில் ஓடுகிற வண்டிக்கு அதைவிட நல்ல ஏற்பாடு வேறு இல்லை என்பது என் அபிப்பிராயம்.

பி 0171

இப்போது வாய் வெளியில் தெரிவதில்லை. மூடியைத் திறந்தால் கறுப்புப் பிளாஸ்ரிக்தான். ரேடியேற்றருக்கு மேலே ஒரு மூக்கு, அதிலிருந்து ஒரு பெட்டி, பெட்டிக்குள் கடதாசி பில்டர், அதைக் கடந்ததும் குழாயில் செருகிய, காற்றை அளக்கும் எயார்புளோ சென்சர், பிறகு மடிப்பு மடிப்பாக வளையும் றபர் குழாய், காற்றைக் கூட்டிக் குறைக்கும் கதவான த்ரொட்டில், சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் மனிபோல்ட், வால்வு. காற்று போகும் பாதை இவ்வளவுதான். ஒரு லீற்றர் பெற்றோலை முழுதாக எரிக்க எவ்வளவு காற்று வேண்டும் என்று ஒருநாள் கணக்குப் பார்த்தேன். நிறையில் 14.7 மடங்கு. பெற்றோல் ஒரு லீற்றர் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே காற்று கிட்டத்தட்ட பதினொரு கிலோ. எங்கள் வெயிலில் அது ஒன்பதாயிரம் லீற்றருக்கு மேல் வரும். மாடியில் வைக்கிற ஆயிரம் லீற்றர் தண்ணீர்த் தாங்கி ஒன்பது. 2022இல் ஐந்து லீற்றருக்கும் பத்து லீற்றருக்கும் நாள் கணக்கில் வரிசையில் நின்றபோது, ஒவ்வொரு லீற்றருக்கும் ஒன்பது தாங்கி காற்றை இந்தக் கார் ஓசியில் வாங்கிக் குடித்தது என்பது யாருக்கு ஞாபகம் வந்தது?

முதலில் போன கராஜில் இருந்த தம்பி நல்ல பிள்ளை. காரின் கணினியை வாசிக்கும் ஸ்கானரைச் செருகினான், பி 0171 என்ற பிழைக் கோட் காட்டியது. கலவையில் பெற்றோல் காணாது, காற்று மிதமிஞ்சி இருக்கிறது என்று அர்த்தம். "முதல் பில்டரைப் பாப்பம் அண்ணை" என்றான். பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு குடித்தனம். தேங்காய்த் தும்பு, வேப்பங்கொட்டை, கிழித்த ரிசுக் கடதாசி. 2022இல் கார் மாதக்கணக்கில் கொட்டிலில் நின்றபோது ஏதோ ஒரு எலியோ அணிலோ வந்து குடியிருந்து போயிருக்கிறது. இரண்டு பேரும் சிரித்தோம். பிழையைக் கண்டுபிடித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

ஆனால் கொஞ்சம் யோசித்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும். பில்டர் அடைத்தால் காற்று குறையுமே தவிர அதிகமாகாது. அதோடு, இந்தக் காலத்துக் கார்களில் அடைபட்ட பில்டர் பெற்றோல் செலவைக்கூட அவ்வளவாகக் கூட்டுவதில்லை. அமெரிக்காவின் ஓக் றிட்ஜ் ஆய்வுகூடம் 2009இல் இதைச் சோதித்துப் பார்த்தது: வேகம் எடுக்கும்போது இழுவைதான் குறைகிறது, பெற்றோல் செலவில் பெரிய மாற்றம் இல்லை. வருகிற காற்றை அளந்து அதற்கேற்ற பெற்றோலைக் கணினி விடுகிறது, அவ்வளவுதான் காரணம். "பில்டர் மாத்தினால் லீற்றருக்கு ரெண்டு கிலோமீற்றர் கூட ஓடும்" என்பது காபரேற்றர் காலத்துப் பேச்சு, இன்னும் ஓய்ந்தபாடில்லை. இன்னொரு பழக்கமும் எங்களிடம் உண்டு. ரயர் கடையில் நிற்பாட்டி, கொம்பிரசரால் பில்டருக்குக் காற்று அடிப்பது. எந்தப் பக்கம் அடிக்கிறோம், எவ்வளவு அழுத்தம் என்று யாரும் பார்ப்பதில்லை. புழுதி போகிறதோ இல்லையோ, கடதாசியில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். கொஞ்சம் அழுக்கான பில்டர் புதுப் பில்டரைவிட நன்றாகவே வடிகட்டும் என்று சொன்னால் நம்பாதவர்கள்தான் அதிகம். நானும் பத்து வருடம் காற்று அடித்தவன்தான்.

புதுப் பில்டர் போட்டு, ஸ்கானரால் அந்தப் பிழைக் கோட்டை அழித்துவிட்டுத் தந்தான். நாலு நாள் கார் பூப்போல ஓடியது. ஐந்தாம் நாள் மஞ்சள் விளக்கு. பிளக் மாற்றினோம், நாலு நாள் சுகம், பிறகு விளக்கு. எயார்புளோ சென்சர் பழுதாக இருக்கும் என்று உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்புப் பஞ்சிகாவத்தையிலிருந்து ஒன்று எடுப்பித்தோம். அதற்கும் நாலைந்து நாள். ஒவ்வொரு முறையும் ஏன் அந்த நாலு நாள்? இது பிறகுதான் விளங்கியது. பிழைக் கோட்டை அழிக்கும்போது கணினி அதுவரை கற்றுவைத்த திருத்தக் கணக்கும் சேர்ந்து அழிகிறது. மறுபடி படித்து, பிழை எல்லை தாண்டி, அடுத்தடுத்த இரண்டு ஓட்டத்திலும் அதையே கண்டால்தான் விளக்கை எரிக்கும். எதை மாற்றினாலும், ஒன்றையும் மாற்றாமல் அழித்தாலும், அந்த நாலு நாள் கிடைத்துக்கொண்டுதான் இருக்கும். அந்தத் தம்பி என்னை ஏமாற்றவில்லை. அந்த நாலு நாள் எங்கள் இரண்டு பேரையும் ஏமாற்றியது.

ஒரு முழ றபர் குழாய்

கோண்டாவிலில் ஒரு அண்ணை இருக்கிறார். அறுபத்தைந்து தாண்டியிருக்கும். கராஜ் என்று பலகை இல்லை. மாமரத்துக்குக் கீழே சீமெந்து நிலம், ஒரு தகரக் கொட்டில். பெரியப்பாவின் ஏ40க்குக் கடைசியாக றிங் போட்டவர் அவர்தான். அவரிடம் முதலிலேயே போகாததற்குக் காரணம் அவரிடம் ஸ்கானர் இல்லை என்பதுதான். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

"ஸ்ராட் பண்ணு. ஏசியைப் போடு. அக்சிலரேற்றரைத் தொடாதை" என்றார். நடுங்கியது. என்ன கோட் என்று அவர் கேட்கவில்லை. "ஓடேக்கை இருக்கோ, நிக்கேக்கை மட்டுமோ?" என்றுதான் கேட்டார். "நிக்கேக்கைதான் அண்ணை. ஓடேக்கை ஒண்டும் இல்லை." தலையை ஆட்டிவிட்டுக் கொட்டிலுக்குள் போனவர் ஒரு முழம் பச்சை நிறத் தோட்டக் குழாயோடு வந்தார். ஒரு முனையைக் காதில் வைத்தார். மற்ற முனையை மனிபோல்ட்டைச் சுற்றி மெதுவாக நகர்த்தினார். டொக்டர் நெஞ்சில் வைத்துப் பார்ப்பாரே, அதே மாதிரி: வைத்து, நின்று, எடுத்து, அடுத்த இடம். பிரேக் பூஸ்ரருக்குப் போகும் குழாய், மனிபோல்ட் கஸ்கற், ஒவ்வொரு மூட்டு. பிறகு ஓரிடத்தில் கை நின்றது. "இஞ்சை வா. கேள்."

காதில் வைத்தேன். ஸ்ஸ்ஸ். சைக்கிள் ரியூப்பில் வால்வு இறுகாமல் இருந்தால் கேட்குமே, அதே சத்தம். குழாய் இல்லாமல் கேட்டால் விசிறியும் பெல்ட்டும் போடுகிற சத்தத்தில் ஒன்றும் தெரியாது. வால்வு மூடியிலிருந்து மனிபோல்ட்டுக்குப் போகும் ஒரு சின்ன றபர் குழாய், சுண்டு விரல் நீளம், நடுவில் ஒரு வளைவு. எஞ்சினின் உள்வயிற்றில் சேரும் புகையைத் திருப்பி இழுத்து எரிப்பதற்காக வைத்திருப்பது, பி.சி.வி. குழாய் என்பார்கள். மேலிருந்து பார்த்தால் புதிது போலப் பளபளக்கிறது. "கீழை விரலை விட்டுப் பார்" என்றார். வளைவின் அடிப்பக்கத்தில் நகம் இறங்கியது. விரல் நுனியை அந்த வெடிப்பில் வைத்து அழுத்தினேன். அது விரலை உறிஞ்சியது.

முப்பது வருடத்துக்கு முந்திய அதே இழுவை. எஞ்சின் சத்தம் மாறி, நடுக்கம் நின்று, கார் அமைதியானது. விரலை எடுத்தேன், நடுங்கியது. வைத்தேன், நின்றது. சின்னப் பிள்ளை மாதிரி நாலைந்து தடவை செய்திருப்பேன். "காணும், விடு. சுடப்போகுது" என்றார்.

என் போனில் ஸ்கானர் ஆப் இருந்தது. நாலாயிரம் ரூபாய்க்கு வாங்கிய சின்ன புளூரூத் கட்டையோடு வேலை செய்யும். அப்போதுதான் அதை ஒழுங்காகப் பார்த்தேன். சும்மா நிற்கையில், நீண்டகாலத் திருத்தம் 23 சதவீதம் கூட்டிக் காட்டியது. அதாவது, அளந்த காற்றுக்கு எவ்வளவு பெற்றோல் விட வேண்டுமோ அதைவிட 23 சதவீதம் கூடுதலாகக் கணினி விட்டுக்கொண்டிருந்தது. 2500 சுற்றுக்கு ஏற்றிப் பிடித்தால் அது 6க்கு இறங்கியது. விரலால் வெடிப்பை மூடிய உடனே, அந்தந்தக் கணத்துக்குக் கணினி செய்யும் குறுங்காலத் திருத்தம் மைனசுக்குப் பாய்ந்தது. இல்லாத ஓட்டைக்காகக் கூட்டி விட்ட பெற்றோலை அவசரமாகக் குறைக்கிறது. எல்லாம் மூன்று மாதமாக என் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது.

எயார்புளோ சென்சர் வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி. உள்ளே சூடேற்றிய ஒரு மெல்லிய கம்பி. காற்று அதைக் குளிரவைக்கும், அந்தச் சூட்டைப் பிடித்துவைக்க எவ்வளவு மின்சாரம் வேண்டியிருக்கிறது என்பதிலிருந்து எத்தனை கிராம் காற்று போனது என்று கணினி கணக்குப் போடும். வாசலால் போனதுதான் அதற்குத் தெரியும். பின்வேலியில் பொட்டு (ஓட்டை) வைத்து நுழைகிற காற்று கணக்கில் வராது. ஆனால் எரிந்து முடிந்த புகையில் மிஞ்சிய ஒட்சிசனைப் பார்க்கும் சென்சர் ஒன்று புகை போகும் குழாயில் இருக்கிறது; அது "காற்று கூட, காற்று கூட" என்று முறையிடும். கார் நிற்கும்போது த்ரொட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும், மனிபோல்ட்டுக்குள் உறிஞ்சல் கடுமையாக இருக்கும், வாசலால் வரும் காற்றும் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தோடு பொட்டால் வருவது சேர்ந்தால் பங்கு பெரிது. ஓடும்போது வாசல் அகலத் திறந்திருக்கும், பொட்டால் வருவது எடுபடாது. அண்ணை கேட்ட முதல் கேள்விக்குள் இது முழுவதும் இருந்தது.

ரேப் சுற்றிவிடலாமா என்று கேட்டேன். முறைத்தார். ஒயில் ஆவி படுகிற இடம், ரேப் இளகி உள்ளே போய்விடும் என்றார். தோட்டக் குழாயில் ஒரு துண்டு வெட்டிப் போடவும் விடவில்லை. சூட்டில் சப்பிப்போய், அது உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளுமாம். ஸ்ரான்லி வீதியில் வளைவோடு கூடிய சரியான குழாய் எண்ணூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைத்தது. பழைய எயார்புளோ சென்சர் எங்கே என்று கேட்டார். நல்லகாலம், எறியவில்லை. அதன் கம்பியில் மெல்லிய மண்ணிறப் படலம் இருந்தது. அதற்கென்றே விற்கிற ஸ்பிரேயை அடித்து, தொடாமல், ஊதாமல், காயவிட்டுத் திருப்பிப் பூட்டினார். வாங்கிப் போட்ட சென்சர் சும்மா நிற்கையில் விநாடிக்கு 1.4 கிராம் காட்டியது. பழையது 2க்குக் கிட்டக் காட்டியது. ஏசி போட்டு நிற்கும் ஒன்றரை லீற்றர் எஞ்சினுக்கு 1.4 குறைவு. முப்பத்தெட்டாயிரம் ரூபாய் கொடுத்து நல்லதைக் கழற்றிக் குறைவானதைப் போட்டிருக்கிறேன்.

கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு "ஆயிரம் தா" என்றார். இரண்டாயிரம் கொடுத்தேன். ஆயிரத்தைத் திருப்பித் தந்துவிட்டு, "பெரியப்பான்ரை கார் இப்ப எங்கை?" என்று கேட்டார். 1995 இடம்பெயர்வில் விட்டுவிட்டுப் போனது, திரும்பி வந்தபோது இல்லை என்றேன். "நல்ல எஞ்சின்" என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை.

அதன் பிறகு கொஞ்ச நாள் எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவின் கொறோலா 121இல் அதே பி 0171 வந்தது. கடைக்குக் குடுக்காதேங்கோ அக்கா, நான் பாக்கிறன் என்று ஒரு முழம் தோட்டக் குழாயோடு போய்விட்டேன். அரை மணித்தியாலம் வெயிலில் குனிந்து நின்று எல்லா மூட்டிலும் வைத்துக் கேட்டேன். சங்கைக் காதில் வைத்தால் வரும் இரைச்சல்தான் வந்தது. அக்கா இரண்டு தரம் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். "என்ன தம்பி, ஏதும் கேக்குதோ?" என்றார். கடைசியில் இரண்டு பேரும் கோண்டாவிலுக்குப் போனோம். அண்ணை மூடியைத் திறக்கக்கூட இல்லை. ஓட்டிக்கொண்டு போய் வந்தவர், கதவைச் சாத்திவிட்டு அக்காவிடம் கேட்டார்:

"நிக்கேக்கை நல்லாத்தானே நிக்குது. பிள்ளை, பெற்றோல் பில்டர் எப்ப மாத்தினது?"